மிட்டாய் வேண்டுமா, ஜோக் சொல்!

அக்டோபர் 31, ஹாலோவீன் மாலை, பிள்ளைகள் வேடம் போட்டுக்கொண்டு வீட்டு வாசல்களில் நின்று 'ட்ரிக் ஆர் ட்ரீட்' (மிட்டாய் தா, இல்லையென்றால் குறும்பு செய்வேன்) என்றால் அமெரிக்காவின் பல ஊர்களில் மிட்டாய் கிடைத்துவிடும். எங்கள் செயின்ட் லூயிஸில் அது போதாது. குழந்தை ஒரு கடி ஜோக் சொல்ல வேண்டும். வெளியூரிலிருந்து புதிதாகக் குடிவந்தவர்கள் முதல் வருடம் விழிப்பார்கள்.

இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குச் சூனியக்காரி வேடம். உடையைவிட ஜோக்குக்குத்தான் ஒத்திகை அதிகம்: "எலும்புக்கூட்டுக்கு ஏன் பசிப்பதே இல்லை? வயிறு இருந்தால்தானே!" தெரு முழுக்க இதையேதான், அப்போதுதான் தோன்றியதுபோலச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

தெருமுனை வீட்டுப் பெரியவர் வாசலில் மடக்கு நாற்காலி போட்டு, மடியில் ஒரு பெரிய கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார். ஜோக்கைக் கேட்டார், சிரிக்கவில்லை. "அப்படியென்றால் அவன் தின்னும் மிட்டாய் எங்கே போகும்?" என்று கேட்டார். இதற்கு ஒத்திகை இல்லை. தொப்பியைச் சரிசெய்தபடி கொஞ்சம் யோசித்துவிட்டு, "கீழே விழும். நான் பொறுக்கிக்கொள்வேன்" என்றாள். அவர் குலுங்கிச் சிரித்ததில் கிண்ணமே ஆடியது. முழு அளவு சாக்லேட் இரண்டு கிடைத்தன. (எந்த வீட்டில் முழு அளவு என்ற தகவல் பிள்ளைகளிடம் பரவும் வேகம் இருக்கிறதே!)

புதியவர்களுக்கு ஒன்று: வாசல் விளக்கு எரிகிற வீட்டுக்கு மட்டும் போங்கள். மற்றபடி கூச்சம் வேண்டாம். எங்கள் தெருவில் அக்கம்பக்கத்தார் முகம் பார்ப்பது பனி அள்ளும்போதும் இந்த மாலையிலும்தான்.

நியூ ஜெர்சியிலிருந்து:

என் மகனுக்கு நிலக்கடலை ஒவ்வாமை. வீடு திரும்பியதும் பையைத் தரையில் கொட்டி, கடலை சேர்ந்ததையெல்லாம் அக்காவிடம் தள்ளிவிட்டு, பதிலுக்கு வேறு வாங்க அரை மணி நேரம் பேரம் நடக்கும். இவனைப் போன்றவர்களுக்காகத்தான் வாசலில் நீலப்பச்சை நிறப் பூசணிக்காய் வைக்கும் வழக்கம். 2014இல் நாடு முழுக்கப் பரவியது. அந்த வீடுகளில் மிட்டாய்க்குப் பதிலாகப் பென்சில், ஸ்டிக்கர், சின்னப் பொம்மை கிடைக்கும். போன வருடம் இவனுக்கு ரப்பர் சிலந்தி கிடைத்தது. மறுநாள் காலை அது என் அரிசி டப்பாவுக்குள் இருந்தது. அலறிய அலறல் இரண்டு வீடு தாண்டிக் கேட்டிருக்கும்.

டொராண்டோவிலிருந்து:

ஸ்கார்பரோவில் எங்களுக்குப் பேயைவிடக் குளிர்தான் பயம். உள்ளே ஜாக்கெட் போட வேண்டுமே என்று வேட உடையை ஓர் அளவு பெரிதாகவே வாங்குவோம். அதனால் எங்கள் வீட்டு ஸ்பைடர்மேனுக்குத் தொந்தி உண்டு. அம்மா கதவருகே உட்கார்ந்து, வருகிற பிள்ளைகள் எல்லோரிடமும் மிட்டாயை நீட்டியபடி "சாப்பிட்டாயா?" என்று கேட்பார். முகம் முழுக்க மூடிய கரடி ஒன்று, "இன்னும் இல்லை அம்மம்மா" என்று சொல்லிவிட்டு ஓடியது. யார் வீட்டுப் பிள்ளை என்று இன்றுவரை விசாரித்துக்கொண்டிருக்கிறார்.