புதுப்பிப்பு: அப்டேட்டுக்குப் பின் பயனர்கள் குறைந்தது ஏன்?

புது வெர்ஷன் விட்டதிலிருந்து எங்கள் செய்தி ஆப்பைத் தினமும் திறப்பவர்கள் குறைகிறார்கள், புது முகப்புதான் காரணமோ என்று கேட்டிருந்தேன். முகப்பு இல்லை. ஆண்ட்ராய்டு பதிப்புவாரியாகப் பிரித்துப் பார்த்ததும் பிடிபட்டது: சரிவு முழுக்க 13-லும் அதற்கு மேலும்தான், அதுவும் புதிதாக நிறுவியவர்களிடம். இந்த வெர்ஷனில் டார்கெட் எஸ்டிகேவை (எந்த ஆண்ட்ராய்டு பதிப்பின் விதிகளுக்காக ஆப் எழுதப்பட்டது என்று சொல்லும் எண்) 33-க்கு, அதாவது ஆண்ட்ராய்டு 13-க்கு, ஏற்றியிருந்தோம். அதற்குமுன் ஆப் தன் நோட்டிஃபிகேஷன் சேனலை (அலர்ட்களை வகைப்படுத்தும் பிரிவு) உருவாக்கியதும், அலர்ட் காட்டலாமா என்று சிஸ்டமே பயனரிடம் அனுமதி கேட்டுவிடும். 33 என்றால் ஆப்தான் கேட்க வேண்டும். எங்கள் ஆப்பில் அந்தக் கேள்வி செட்டிங்ஸ் பக்கத்துக்குள் கிடந்தது. அங்கே யார் போகிறார்கள்! அதனால் காலைச் செய்தி அலர்ட் புதிதாக நிறுவியவர்களுக்குப் போகவே இல்லை, அவர்கள் ஆப்பைத் திறக்கவும் இல்லை.

இப்போது முதல் செய்தியைப் படித்து முடித்ததும் கேட்கிறோம். ஆப்பைத் திறந்த உடனே கேட்கச் சொன்ன நண்பருக்கு: பயனர் இருமுறை மறுத்துவிட்டால் அனுமதி கேட்கும் பெட்டி மறுபடி வராது, அதனால்தான் அவசரப்படவில்லை.