மறு: ‘ஆண்மையெதிர்ப்பி’ வேண்டாம், ‘ஆண்ட்ரோஜன் முறி’ எப்படி?

வணக்கம். டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஹார்மோன்களுக்குப் பொதுப்பெயர் ஆண்ட்ரோஜன். அவற்றின் விளைவை முறிக்கும் மருந்துகளான ஆன்டிஆண்ட்ரோஜன்களுக்கு அகராதியில் என்ன தமிழ்ச்சொல் வைப்பது என்பதுதான் நம் பேச்சு. உங்கள் வரிகளுக்குக் கீழே என் பதில்.

> ஆன்டிஆண்ட்ரோஜனுக்கு ‘ஆண்மையெதிர்ப்பி’ போதுமே. சொல்லுக்குச் சொல் சரியாக வருகிறது.

சொல்லுக்குச் சொல் வருகிறது ஐயா, சிக்கலே அதுதான். ‘ஆண்மை’ என்று எழுதினால் படிப்பவருக்கு முதலில் நினைவுக்கு வருவது ‘ஆண்மைக்குறைவு’ விளம்பரம்தான், ஹார்மோன் அல்ல. புரோஸ்டேட் புற்றுநோய்க்காக பைகாலுட்டமைடு 50 மில்லிகிராம் மாத்திரையைக் கையில் வைத்திருக்கும் எழுபது வயதுக்காரரை எண்ணிப்பாருங்கள். உள்ளே மடித்து வைத்த தாளைப் பிரிக்கிறார். முதல் வரியே ‘இது ஓர் ஆண்மையெதிர்ப்பி’ என்கிறது. அப்புறம் அவர் அந்த மாத்திரையை விழுங்குவாரா? முகத்தில் அதிகமாக வளரும் முடிக்காக ஸ்பைரனோலாக்டோன் எடுக்கும் பெண் அதே வரியைப் படித்தால் இன்னும் குழப்பம். ‘எனக்கு எதற்கு ஆண்மையெதிர்ப்பு?’ என்று கேட்பார். நியாயமான கேள்வி.

> ஹார்மோன் = இயக்குநீர். ஆகவே ஆண்ட்ரோஜன் = ஆணியக்குநீர், சுருக்கமாக ஆணியக்கி.

‘ஆணியக்கி’யை வேகமாகப் படித்தால் ஆணி, அக்கி என்று பிரிகிறது. இரண்டும் தோல் தொல்லைகள்! அதை விடுங்கள், ‘நீர்’தான் எனக்கு உறுத்துகிறது. டெஸ்டோஸ்டிரோன் வெள்ளைப் படிகத்தூள். தண்ணீரில் கரைய மறுக்கும், எண்ணெயில் கரையும். ஊசி மருந்தாக வரும்போதும் பெரும்பாலும் எண்ணெயில்தான் வருகிறது. அதற்குப் போய் நீர் என்று பெயர் வைப்பதா?

‘ஆண்’ என்பதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. மூலச்சொல்லின் கிரேக்க வேருக்கு ஆணை உண்டாக்குவது என்று பொருள், உண்மைதான். ஆனால் உடல் அந்த வேர்ச்சொல்லைப் படித்துவிட்டு வேலை செய்வதில்லை. சூலகமும் அட்ரீனல் சுரப்பியும் ஆண்ட்ரோஜன்களைச் சுரக்கின்றன. அரோமட்டேஸ் என்ற நொதி அவற்றிலிருந்துதான் ஈஸ்ட்ரோஜனையே உண்டாக்குகிறது. ஆண்ட்ரோஜன் ஏற்பிக்கான (உயிரணுவில் ஹார்மோன் போய் அமரும் புரதம், ரிசெப்டர்) மரபணு இருப்பதோ எக்ஸ் குரோமோசோமில். இவ்வளவையும் வைத்துக்கொண்டு ‘ஆண்’ என்று முத்திரை குத்த எனக்கு மனம் வரவில்லை. அதனால் ‘ஆண்ட்ரோஜன்’ அப்படியே இருக்கட்டும், கிரந்தம் வேண்டாதவர்கள் ‘ஆண்ட்ரோசன்’ என்று எழுதட்டும். அதில் ‘ஆண்’ தானாகவே வந்து உட்கார்ந்திருப்பது தற்செயல்தான், இருந்தாலும் நினைவில் வைக்க உதவும்.

(டெஸ்டோஸ்டிரோனுக்கு யாரோ ‘விரையூக்கி’ என்று போட்டிருந்தார்கள். ஓர் எழுத்து தவறினால் ‘விரைவூக்கி’ ஆகி, காருக்குள் போய்விடும். வேண்டாம்.)

சரி, ‘ஆன்டி’க்கு வருவோம். நோய் எதிர்ப்பு, எதிர்ப்பொருள் என்று ‘எதிர்’ ஏற்கெனவே நிறையச் சுமக்கிறது. நான் சொல்வது ‘முறி’. நஞ்சுமுறி, முறிமருந்து எல்லாம் நாம் காலங்காலமாகப் புழங்கும் சொற்கள். ஒரு பொருளின் விளைவைச் செல்லாமல் ஆக்குவது முறி. எந்த இடத்தில், எந்த வழியில் என்று அது சொல்வதில்லை. இங்கே நமக்கு வேண்டியதும் அந்த நெகிழ்வுதான், ஏனென்றால் இந்த மருந்துகள் ஒரே இடத்தில் வேலை செய்வதில்லை.

அபிராட்டெரோன், ஆண்ட்ரோஜன் உருவாகும் பாதையிலேயே ஒரு நொதியை மறிக்கிறது. ஃபினாஸ்டெரைடு டெஸ்டோஸ்டிரோனைத் தொடுவதில்லை. அது இன்னும் வீரியமான டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாறுவதை மட்டும் மறிக்கிறது. இரத்தத்தில் பின்னதன் அளவு சுமார் 70 சதவீதம் குறையும், டெஸ்டோஸ்டிரோனோ சற்றுக் கூடக்கூடச் செய்யும். பைகாலுட்டமைடும் என்சாலுட்டமைடும் ஹார்மோனை விட்டுவிட்டு அது போய் உட்காரும் ஏற்பியில் தாங்கள் உட்கார்ந்துகொள்கின்றன. ஹார்மோன் வரும், இடம் இருக்காது.

அதனால் பொதுப்பெயர் ‘முறி’, அதற்குக் கீழே நொதியை மறிப்பது ‘தடுப்பி’, ஏற்பியில் அமர்வது ‘அடைப்பி’ என்கிறேன். தடுப்பது வழியில், அடைப்பது துளையில். இந்த வேறுபாடு தமிழில் சும்மா கிடைக்கிறது, விடுவானேன்? நொதி மறிப்பானுக்கு ‘ஒடுக்கி’ என்று சிலர் எழுதுகிறார்கள். வேதியியலில் ரிடக்‌ஷனுக்கு ஒடுக்கம் என்று வைத்துவிட்டோம். ஃபினாஸ்டெரைடு மறிப்பதோ ரிடக்டேஸ் என்ற நொதியை, அதாவது ஒடுக்கநொதியை. இப்போது அது ‘ஒடுக்கநொதி ஒடுக்கி’ ஆகிவிடும். வகுப்பில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

> அடைப்பி என்றால் எப்போதும் அடைக்குமா? ஃப்ளூட்டமைடு?

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். ஃப்ளூட்டமைடும் பைகாலுட்டமைடு போல ஏற்பியில் அமரும் மருந்துதான். ஃப்ளூட்டமைடு எடுத்தும் நோய் வளரும் சிலருக்கு மருந்தை நிறுத்தினால் பி.எஸ்.ஏ. (புரோஸ்டேட் புற்றுநோயின் போக்கை அறிய இரத்தத்தில் அளக்கும் புரதம்) அளவு இறங்குகிறது. புற்றணுக்களில் ஏற்பி திரிந்து, அடைக்க வந்த பொருளையே ஹார்மோன் என்று எடுத்துக்கொள்வது இதற்கு ஒரு காரணம். அங்கே அது அடைப்பி அல்ல, தூண்டி. பூட்டில் முறித்துவிட்ட சாவித்துண்டு பூட்டையே திறந்துவிட்ட கதை. இதற்காகச் சொல்லை மாற்ற வேண்டாம் என்பது என் எண்ணம். அடைப்பி, தூண்டி இரண்டும் பொருளுக்கும் ஏற்பிக்கும் உள்ள உறவுக்கான பெயர்கள், பொருளின் சாதிப்பெயர் அல்ல. அகராதிக் குறிப்பில் இதை ஒரு வரி எழுதிவிட்டால் போதும்.

லியூப்ரோலைடை முறியில் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். நான் சேர்க்கமாட்டேன். அது மூளைக்கு அடியில் இருந்து மற்றச் சுரப்பிகளை ஏவும் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிற மருந்து. முதல் ஓரிரு வாரம் டெஸ்டோஸ்டிரோன் ஏறவே செய்யும், அதைச் சமாளிக்கத்தான் கூடவே ஓர் அடைப்பியைக் கொடுப்பது. ஓயாமல் தூண்டப்பட்ட பிட்யூட்டரி பிறகு மரத்துப்போய்க் கைவிடுகிறது, சுரப்பு அடங்குகிறது. ‘சுரப்படக்கி’ என்று தனி வரிசை வைக்கலாம். டெகாரெலிக்ஸும் அங்கேதான் வரும், முதலில் ஏற்றாமல் நேராக அடக்கும் என்பது மட்டும் வேறுபாடு.

மிச்சம் இருப்பது சைப்ரோட்டெரோன் என்ற மருந்து. அது ஏற்பியையும் அடைக்கிறது, பிட்யூட்டரி வழியாகச் சுரப்பையும் குறைக்கிறது. பட்டியல் போடுபவர் எந்த வரிசையில் எழுதுவது என்று கேட்பார். இரண்டிலும் எழுதச் சொல்லுங்கள்.