ஏபி ஆங்கிலத்தில் 4: எழுத்து வகுப்பை விட்டுவிடலாமா?

வணக்கம். அமெரிக்காவில் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பியவர்கள் சொல்லுங்களேன். மகள் ஏபி (பள்ளியில் படிக்கும்போதே எழுதும் கல்லூரித் தரத் தேர்வு) இங்கிலீஷ் லாங்வேஜ் தேர்வில் 5-க்கு 4 வாங்கியிருக்கிறாள். சேரப்போகும் கல்லூரி அதற்கு முதலாமாண்டு எழுத்து வகுப்பின் கிரெடிட் தருகிறது, அதாவது அந்த வகுப்பை முடித்ததாகவே கணக்கு. ஒரு பாடத்து ஃபீஸ் மிச்சம், அவளுக்குக் குஷி. எனக்குத்தான் உறுத்தல். தேர்வில் 45 கேள்விகள் போக 3 கட்டுரைகள். கட்டுரைகளுக்கு மொத்தமே 2 மணி 15 நிமிடம். நிதானமாகத் திருத்தி எழுத நேரம் ஏது? கல்லூரி வகுப்பிலோ நூலகத்தில் தேடி, வரைவு எழுதி, பேராசிரியர் சிவப்பு மையில் கிறுக்கித் தந்ததை மறுபடி எழுத வேண்டும். (எனக்கு அது வாய்க்கவில்லை, ஆபீஸ் மெயிலுக்கே திணறியவன் நான்.) கிரெடிட் எடுத்த உங்கள் பிள்ளைகள், முக்கியமாக இன்ஜினியரிங் படிப்பவர்கள், பிறகு ஆய்வறிக்கை எழுதத் தடுமாறினார்களா? அடுத்த வாரம் பாடப் பதிவு.