ஜிஆர்86 வந்துவிட்டது: பழைய 86-ஐ விற்கவா, சத்ரியா ஜிடிஐ-யை விற்கவா?

தாப்பாக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். டொயோட்டா ஜிஆர்86 மேனுவல் கைக்கு வந்து மூன்று மாதம், 4,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன். இதற்கு முன் வாங்கிய 1.8 லிட்டர் புரோட்டான் சத்ரியா ஜிடிஐ, 2 லிட்டர் பழைய டொயோட்டா 86 இரண்டும் இன்னும் வீட்டில்தான் நிற்கின்றன. வாசலில் இரண்டு காடிக்குத்தான் இடம், ஒன்றை விற்றே ஆக வேண்டும்.

பழைய 86-இல் எஞ்சின் சுழற்சி (ஆர்பிஎம்) 3,500-க்கும் 4,500-க்கும் நடுவில் இருக்கும்போது இழுவை தொய்ந்துவிடும். தாப்பாவிலிருந்து ரிங்லெட் ஏறும்போது முன்னால் காய்கறி லாரி மாட்டினால் இரண்டாம் கியருக்கு இறக்கி, அது அலறி, அப்புறம்தான் முந்த முடியும். புதியதில் 250 நியூட்டன் மீட்டர் இழுவையும் 3,700-லேயே வந்துவிடுகிறது (பழையதில் 205, அதுவும் 6,400-க்கு மேல்), மூன்றாம் கியரிலேயே எண்ணெய் பெடலை அழுத்தினால் போதும், லாரி பின்னால் போய்விடுகிறது. 200 குதிரைத்திறன் 237 ஆனதை விட இந்த வித்தியாசம்தான் பெரிது.

ஆனால் ஸ்டீரிங்கில் ஜிடிஐ-யை எதுவும் நெருங்கவில்லை. அது ஹைட்ராலிக், லாத்தா இஸ்கண்டார் பக்கம் ரோட்டில் கொஞ்சம் மணல் கிடந்தாலும் உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும். இரண்டு 86-உம் எலக்ட்ரிக், நினைத்த இடத்துக்குத் துல்லியமாகத் திரும்புகின்றன, ஆனால் அந்த நடுக்கம் கைக்கு வருவதில்லை. புதியதில் எஞ்சின் சத்தத்தில் கொஞ்சம் ஸ்பீக்கரிலிருந்து வருகிறது, அது எனக்குப் பிடிக்கவே இல்லை.

இன்னொன்று, வீட்டுக்கு வர செம்பனை லாரி ஓடி ஓடிக் குழியான ஒரு கிலோமீட்டர் செம்மண் பாதை இருக்கிறது. 18 அங்குல ரிம், மெல்லிய டயர், காலையில் பாதையில் சிதறிக் கிடக்கும் பழங்களைக்கூடப் பார்த்துப் பார்த்துத்தான் ஓட்டுகிறேன்.

ஜிடிஐ-க்கு முன்பணம் கொடுத்தது அப்பா. பால் மரம் வெட்டி, 55 வயதில் எடுத்த இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணம் அது. அதனால் என்னால் நேராக யோசிக்க முடியவில்லை, ஓட்டியவர்கள் சொல்லுங்கள்.

பீடோர் பட்டறை:
தம்பி, பழைய 86-ஐ விற்றுவிடு. அது செய்கிற எல்லாவற்றையும் புதியது செய்கிறது, இன்னும் நன்றாகவே செய்கிறது, இரண்டையும் வைத்திருப்பது ஒரே வேலைக்கு இரண்டு ஆள் வைத்த மாதிரி. செலவையும் பார்: ரோட்டெக்ஸ் (சாலை வரி) புதியதுக்கு 767 வெள்ளி, பழையதுக்கு 379, ஜிடிஐ-க்கு 297 தான்.

ஆனால் ஜிடிஐ-யை வைத்துக்கொள்வதென்றால் ஒன்று கேட்கிறேன், எஞ்சின் வால்வுகளை ஓட்டுகிற டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றினாய்? 86-க்குச் செயின், கவலை இல்லை. உன் ஜிடிஐ-யின் 4ஜி93 எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வால்வு வளைந்துவிடும், ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான். போன வருஷம்கூட ஒரு பையன் இழுவை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தான், பார்க்கவே மனசு கேட்கவில்லை.

சுங்கை சிப்புட் எம்எக்ஸ்5:
அண்ணன் சொல்வதில் ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். பழைய 86 செய்வதைப் புதியது அப்படியே செய்யாது. பழையதில் வந்தது 17 அங்குலத்தில் சாதாரண பிரைமசி டயர், மெதுவாகப் போகும்போதே பின்பக்கம் சறுக்கும், அதுவும் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சறுக்கும். பின்சக்கரக் காடியை நான் கற்றுக்கொண்டதே நண்பனின் 86-இல்தான். உங்கள் ஜிஆரில் பைலட் ஸ்போர்ட் 4 டயர் இருந்தால் ரோட்டு வேகத்தில் அது நகரவே நகராது, அதன் எல்லையைப் பார்க்க செப்பாங் பந்தயத் தடத்துக்குத்தான் போக வேண்டும். டயர் தேய்ந்ததும் 17 அங்குல ரிம் போட்டுப் பாருங்கள், உங்கள் செம்மண் பாதைக்கும் அதுதான் நல்லது. அப்புறம் பழையதை விற்றாலும் அவ்வளவாகத் தெரியாது.

தாப்பாக்காரன்:
அண்ணே, நீங்கள் கேட்டதும் பானட்டைத் திறந்து பார்த்தேன். பெல்ட் மாற்றிய ஸ்டிக்கரில் எழுத்தே அழிந்துவிட்டது, ரசீதும் கிடைக்கவில்லை. சனிக்கிழமை காலையில் கொண்டு வருகிறேன், வாட்டர் பம்பையும் சேர்த்தே மாற்றிவிடலாம், அதுவரை எடுக்கப் போவதில்லை.

எம்எக்ஸ்5 தம்பி, 17 அங்குல ரிம் பழையதிலேயே இருக்கிறது, நல்ல நிலையில். அதைக் கழற்றி வைத்துக்கொண்டு, வேறு ரிம் போட்டுத்தான் பழைய 86-ஐ விற்பேன். யாருக்காவது வேண்டுமென்றால் தனியாகச் செய்தி அனுப்புங்கள், நேரில் வந்து ரிங்லெட் வரை ஓட்டிப் பார்த்துவிட்டே விலை பேசலாம்.