மறு: கான்கிரீட் நிரப்பின எஃகுக் குழாய்க்குத் தமிழ்ல என்ன சொல்? நிறைகுழல், கவவு

எல்லாருக்கும் வணக்கம். சேலத்துல ஸ்ட்ரக்சுரல் டிசைன் பண்றேன், எஃகுக் குழாய்க்குள்ள கான்கிரீட் ஊத்திச் செய்யற தூண், விட்டத்துக்கெல்லாம் தமிழ்ச் சொல் தேடற இந்த இழை எனக்கு ரொம்ப வேண்டிய இழை, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுத்துக்கங்க.

முந்தின மடல்ல பரிந்துரையா வந்த 'கற்காரை (கான்கிரீட்) நிரப்பப்பட்ட எஃகுக் குழாய் உறுப்பு' பொருள்ல சரிதான், ஆனா ஒரு கணக்குத்தாள்ல பக்கத்துக்கு நாலு தடவை அதை எழுதணும்னா யாரும் எழுத மாட்டாங்க, ஆங்கிலச் சுருக்கத்துக்கே போயிடுவாங்க. எஃகும் கான்கிரீட்டும் சேர்ந்து பளு தாங்கற தூணுக்கு 'கலப்புத் தூண்'னு சொல்றது சின்னதா இருக்கு, ஆனா ரொம்ப அகலம். ஆங்கில I வடிவ எஃகுத் துண்டான ஐ செக்‌ஷனைச் சுத்தி கான்கிரீட் போட்டு மூடுனாலும் கலப்புத் தூண்தான், குழாய்க்குள்ள ஊத்துனாலும் கலப்புத் தூண்தான், ஆனா டிசைன் கோடு (வடிவமைப்பு விதித்தொகுப்பு) எதை எடுத்தாலும் இந்த ரெண்டுக்கும் விதி வேற வேற. மூடுனதுக்கு 'பொதிதூண்' வச்சுக்கலாம், அதுல எனக்கு மறுப்பு இல்ல.

நிரப்பினதுக்கு நான் சொல்றது நிறைகுழல். நிறைகுடம்னா விளக்கம் யாருக்கும் வேணாம், அதே அமைப்புதான். நிறைகுழல் தூண், நிறைகுழல் விட்டம், வட்ட நிறைகுழல், சதுர நிறைகுழல், எல்லாத்தோடயும் ஒட்டும். சீனாவுல 2020-ல திறந்த பிங்னான் மூணாவது பாலத்தோட 575 மீட்டர் வளைவும் நிறைகுழல் வளைவுதான். இன்னொரு காரணமும் இருக்கு. 'நிரப்பிய'ங்கறது ஊத்துன ஆளோட வேலையைச் சொல்லுது, 'நிறை'ங்கறது உள்ள இருக்கற நிலையைச் சொல்லுது. ஏற்காடு சரிவுல ஷட்டரிங் பலகையைத் தூக்கிட்டு ஏர்றதே பெரிய பாடு, அங்க குழாயே அச்சா நிக்கறது எவ்வளவு சௌகரியம்னு வேலை பாத்தவங்களுக்குத் தெரியும், ஆனா அச்சைக் கழட்டிப் பாக்க முடியாதுல்ல, அதனால மேஸ்திரி சின்னச் சுத்தியலால கீழ இருந்து மேல தட்டிக்கிட்டே போவார், டொக்குனு அடங்குனா நிறைஞ்சிருக்கு, ணங்குனு அதிர்ந்தா உள்ள பொந்து. ஊத்துனது மட்டும் போதாது, நிறைஞ்சிருக்கணும்.

சரி, இப்ப நான் உண்மையிலயே சண்டை போட வந்த சொல்லுக்கு வர்றேன். குழாய் கான்கிரீட்டைச் சுத்தி இறுக்கிப் பிடிக்குதே, ஆங்கிலத்துல confinement, அதுக்கு 'சிறைப்படுத்தல்', 'கட்டுப்பாடு'ன்னு ரெண்டு பரிந்துரை வந்துச்சு. ரெண்டும் வேணாம். நடக்கறது என்னன்னா, பளு ஏற ஆரம்பிக்கும்போது எஃகுதான் பக்கவாட்டுல அதிகமா விரியும், அதோட பாய்சான் விகிதம் (நீளத்துல அமுங்கறதுக்கு ஏத்தபடி பக்கவாட்டுல எவ்வளவு விரியுதுங்கற எண்) 0.3 பக்கம், கான்கிரீட்டுக்கு 0.2-ஐ ஒட்டி. அதனால முதல்ல குழாய் எதையும் பிடிக்கறதே இல்ல. பளு கூடிக் கான்கிரீட்டுக்குள்ள நுண்விரிசல் பரவுனதும் அது குழாயைவிட வேகமா உப்பும், அப்பத்தான் குழாய் சுத்துவட்டமா இழுபட்டு உள்ள இருக்கறதை அணைச்சுப் பிடிக்கும். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தாங்குது, உள்ள கான்கிரீட் இருக்கறதால குழாய் உள்பக்கமா மடங்க முடியாது. இதுல சிறை எங்க இருக்கு?

தொல்காப்பியத்துல உரிச்சொற்களுக்குப் பொருள் சொல்ற உரியியல்ல 'கவவு அகத்திடுமே'ன்னு ஒரு நூற்பா இருக்கு, கவவுன்னா உள்ளே இட்டுக்கொள்றது, அணைச்சுக்கறதுன்னும் வரும். இதைவிடப் பொருத்தமா ஒரு சொல்லை நாம புதுசா செஞ்சுட முடியாது. கவவு, கவவுத் தகைவு (அணைக்கறதால வர்ற அழுத்தம்), கவவுக் கெழு (அதைக் கணக்குல சேர்க்கப் பெருக்கற எண்). பழைய சொல்லுன்னு தள்ளாதீங்க, தகைவும் (stress) திரிபும் (strain) பாடப்புத்தகத்துல வந்துதான் பழகுச்சு.

இந்தச் சொல்லுக்கு ஏன் இவ்வளவு மல்லுக்கட்டுறேன்னா, கோடுகளுக்கு நடுவுல இருக்கற பெரிய வித்தியாசமே கவவை எவ்வளவு நம்பறதுங்கறதுதான். ஒரு எட்டு இன்ச் பைப் எடுத்துக்கங்க, வெளிவிட்டம் 219.1 மி.மீ, தடிமன் 6 மி.மீ, எஃகோட இளகு தகைவு (அது நிரந்தரமா நீள ஆரம்பிக்கற தகைவு) 310, கான்கிரீட்டோட உருளை வலிமை (உருளை வடிவ மாதிரியை நசுக்கிப் பாத்தது) 30 மெகாபாஸ்கல். பாதுகாப்புக் கெழு எதுவும் போடாம, குட்டைத் தூணுக்கு, நடு அச்சுல பளு வச்சுப் பாத்தா எஃகு பங்கு 1245 கிலோநியூட்டன், கான்கிரீட் பங்கு 1010. அமெரிக்காவோட கான்கிரீட் கோடு ஏ.சி.ஐ 318 கான்கிரீட் பங்கை 0.85-ஆல பெருக்கும், மொத்தம் 2100-ஐ ஒட்டி வரும். அதே நாட்டோட எஃகுக் கோடு ஏ.ஐ.எஸ்.சி 360 வட்டக் குழாய்க்கு 0.95, அது 2205. ஐரோப்பாவோட கலப்புக் கட்டுமானக் கோடான யூரோகோடு 4-ல குறைப்பே இல்ல, 1.0, அதுவே 2255. அதுக்கு மேல சார்பு மெலிவு (தூண் எவ்வளவு ஒல்லியா நெடுசா இருக்குங்கற அளவு) 0.5-க்குள்ள இருந்து மையவிலகல் (பளு நடு அச்சை விட்டு விலகற தூரம்) குழாய் விட்டத்துல பத்துல ஒரு பங்கைவிடக் குறைவா இருந்தா கவவையும் சேர்க்கலாம்னு சொல்லுது. மெலிவு 0.2-ன்னு வச்சா எஃகை 0.85-ஆ குறைச்சு கான்கிரீட்டைக் கூட்டி 2600 வந்துருது. அதே குழாய், அதே கலவை, ஏ.சி.ஐ-யைவிட ஏறக்குறைய நாலுல ஒரு பங்கு அதிகம். எஃகைக் குறைக்கறது ஏன்னா அது சுத்துவட்டமா இழுபடறதுல ஒரு பகுதியைச் செலவழிச்சுடுது, அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். சதுரக் குழலுக்கு இந்தச் சலுகை கிடையாது, தட்டைப் பக்கம் வெளிய வளைஞ்சு கொடுத்துரும், மூலைல மட்டும்தான் பிடிமானம். மாணவன் கவவுன்னு படிச்சா, சதுரத்துக்கு ஏன் இல்லைங்கறது அந்தச் சொல்லுலயே தெரியும், கட்டுப்பாடுன்னு படிச்சா தெரியாது.

எஃகு-கான்கிரீட் கலப்புக் கட்டுமானத்துக்கான நம்ம இந்தியக் கோடு ஐ.எஸ் 11384 1985-ல வந்து 2022-ல திருத்தப்பட்டுச்சு, அதைத் தமிழ்ல விளக்க உக்காந்தா இன்னொரு குழப்பம் வரும். பொருளுக்கு 'வலிமை', உறுப்புக்குத் 'தாங்குதிறன்', இந்த ரெண்டையும் தயவுசெஞ்சு கலக்காதீங்க. அப்புறம் வலிமைன்னு சொன்னா கனசதுர வலிமையா உருளை வலிமையான்னும் எழுதணும். நம்மூர் எம் 30 கான்கிரீட் என்பது 150 மி.மீ கனசதுரத்துல சோதிச்சது, உருளைக்கு மாத்துனா தோராயமா 24-தான் வரும், மேல உள்ள கணக்குல எம் 30-ன்னு நினைச்சு 30 போட்டா விடை தப்பாயிடும்.

குழாய்ச் சுவர் அங்கங்க வெளிய புடைக்கறதுக்கு இன்னும் சொல் அமையல. 'உள்ளூர் நெளிவு' எனக்குச் சுத்தமா ஒத்து வரல, 'சுவர்ப்புடைப்பு' பத்தி என்ன நினைக்கறீங்க? பட்டறைல வேலை பாக்கறவங்க யாராவது இந்தக் குழுவுல இருந்தா நீங்க அதை என்னன்னு சொல்றீங்கன்னு எழுதுங்க.