‘ஒரிஜினல் போஸ்டர்’: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

ஈரோட்டிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். வீட்டில் சேர்ந்து கிடக்கும் பழைய சினிமா போஸ்டர், பாட்டுப் புத்தகம், பிட் நோட்டீஸ் எல்லாவற்றுக்கும் தமிழிலேயே ஒரு பட்டியல் போட ஆரம்பித்திருக்கிறேன். முதல் கட்டத்திலேயே நிற்கிறேன். விற்கிறவரும் வாங்குகிறவரும் ‘ஒரிஜினல்’ என்கிறார்கள். நான் ‘அசல்’ என்று எழுதினேன். சேலத்து அண்ணன் ‘மூலச் சுவரொட்டி’ என்று போடச் சொல்கிறார். பொள்ளாச்சி அக்காவுக்கு ‘முதற்பதிப்பு’ பிடித்திருக்கிறது. பெரியவர்கள் ஒரு முடிவு சொன்னால் மேலே போவேன்.

கோவையிலிருந்து:

தம்பி, சொல்லைத் தேடுவதற்கு முன்னால் பொருளைப் பிரித்துக்கொள்வோம். ‘ஒரிஜினல்’ என்று மூன்று பேர் மூன்று விதமான காகிதத்தைச் சொல்கிறார்கள். படம் முதன்முதலாக வந்தபோது அடித்து ஒட்டியது ஒன்று. பத்துப் பதினைந்து வருடம் கழித்து அதே படத்தைத் திரும்பப் போட்டபோது புதிதாக அடித்தது இன்னொன்று. இப்போது யாரோ ஸ்கேன் செய்து டிஜிட்டலில் எடுத்தது மூன்றாவது. மூன்றாவதை ஒரிஜினல் என்று விற்றால் அது ஏமாற்று. இரண்டாவதை அப்படி விற்கிறவர் பல நேரம் ஏமாற்றுவதில்லை. பழைய காகிதம், நிஜமாகவே தியேட்டருக்காக அடித்தது, அவருக்கு அது போதும். வாங்குகிறவருக்குத்தான் விலையில் பெரிய வித்தியாசம்.

இந்த இடத்தில்தான் ‘அசல்’ கைவிடுகிறது. அசலுக்கு எதிர்ச்சொல் நகல். 1975இல் அடித்த மறுவெளியீட்டுப் போஸ்டர் எதற்கும் நகல் இல்லை. அதற்கென்றே டிசைன் போட்டு அடித்தது. அதையும் அசல் என்று சொல்லத்தான் வேண்டியிருக்கும். அப்புறம் முதலாவதை என்னவென்று சொல்வது? ‘மூலம்’ என்ற சொல்லை ஓவியர் கையால் வரைந்த படத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும். அதுவும் சேகரிப்பாளர் கையில் வரும் பொருள்தான், அதற்கும் ஒரு பெயர் வேண்டுமல்லவா? ‘முதற்பதிப்பு’ புத்தகத்துக்குச் சரி. போஸ்டரில் ‘இன்று முதல்’ என்று ஒன்று வரும், பிறகு 50ஆவது நாள், 100ஆவது நாள் என்று தனித்தனியாக அடிப்பார்கள். நூறாவது நாள் போஸ்டர் முதல் அச்சு இல்லை. ஆனால் படம் முதலில் ஓடியபோது வந்ததுதான். அதைப் பட்டியலில் மறுவெளியீட்டோடு சேர்க்க முடியுமா?

என் முன்மொழிவு: முதலோட்டச் சுவரொட்டி. இரண்டாவது வகைக்கு மறுவோட்டச் சுவரொட்டி. மூன்றாவதற்கு நகலச்சு.

படத்தைப் பற்றிப் பேசும்போது நாம் ‘ஓடுகிறது’ என்றுதான் சொல்கிறோம். ‘ராயல்ல என்ன ஓடுது?’ என்பதும் ‘வெற்றிகரமாக ஓடிக்கொண்டிருக்கிறது’ என்பதும் அந்தச் சொல்தான். ஓட்டம் என்று சொன்னால் தியேட்டர்காரருக்கும் புரியும், பேப்பர் கடைக்காரருக்கும் புரியும். இன்னொரு காரணம் எனக்கு இதைவிட முக்கியம். ‘அசல்’ என்பது தரத்தைப் பற்றிய தீர்ப்பு போல ஒலிக்கிறது. ‘முதலோட்டம்’ காலத்தைச் சொல்கிறது. போஸ்டர் விஷயத்தில் நாம் உண்மையில் கேட்கும் கேள்வி ‘இது எப்போது அடித்தது?’ என்பதுதான். சொல்லே அந்தக் கேள்வியைக் கேட்டால், பட்டியல் போடுகிறவரும் காகிதத்தில் அதைத் தேடுவார்.

எப்படித் தேடுவது என்று நம் ஊர்ப் படத்தை வைத்தே சொல்கிறேன். ‘மலைக்கள்ளன்’ 1954இல் வந்தது, கோவை பட்சிராஜா தயாரிப்பு, எம்.ஜி.ஆர். நடித்தது. குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற முதல் தமிழ்ப் படம். இதன் போஸ்டர் என்று ஒன்று உன்னிடம் வந்தால் முதலில் தலைப்பில் உள்ள ‘லை’யைப் பார். 1978 அக்டோபரில் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போடும் வரை ணை, லை, ளை, னை நான்கையும் யானைத் துதிக்கை போல முன்னால் வளைத்து எழுதுவதுதான் பொது வழக்கம். ணா, றா, னாவும் அவற்றின் ஒகர ஓகார வரிசையும்கூட அப்போது வேறு வடிவில்தான். மொத்தம் 13 எழுத்துகள் மாறின. தலைப்பில் இன்றைய ‘லை’ இருந்தால் உடனே சந்தேகப்படு. தீர்ப்பு சொல்லிவிடாதே. பெரியார் 1935இலேயே ‘குடி அரசு’ இதழில் சீர்திருத்த எழுத்தைக் கொண்டுவந்தவர், அந்த வழியில் வந்தவர்கள் முன்பே அப்படி எழுதியிருக்கலாம். துதிக்கை ‘லை’ இருந்தாலும் நிம்மதி வேண்டாம். 1978க்குப் பிறகும் கை பழகிய ஓவியர்கள் பழையபடி எழுதினார்கள், மறுவோட்டத்துக்குப் பழைய தலைப்பையே பார்த்து வரைவதும் உண்டு.

அடுத்தது பட்டம். நடிகர் பெயருக்கு மேல் ‘புரட்சி நடிகர்’ என்று இருந்தால் ஒன்றும் முடிவாகாது. ‘புரட்சித் தலைவர்’ என்று இருந்தால் முடிந்தது. 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தனிக்கட்சி கண்ட பிறகு வந்த பட்டம் அது, 1954 காகிதத்தில் இருக்க வழியில்லை. சிவாஜி படமானால் ‘பத்மஸ்ரீ’ 1966க்கு முன் இல்லை, ‘செவாலியே’ 1995க்கு முன் இல்லை. ‘புத்தம் புதிய காப்பி’ என்ற வரி இருந்தால் வேறு சாட்சியே வேண்டாம், அது மறுவோட்டம்.

பிறகு அடி வரி. 1867ஆம் ஆண்டுச் சட்டப்படி அச்சகத்தின் பெயரும் ஊரும் போட வேண்டியிருந்ததால் ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சகம் இருக்கும், பெரும்பாலும் சென்னை அல்லது சிவகாசி. விநியோகஸ்தர் முகவரியும் இருந்தால் நமக்கு அதிர்ஷ்டம். ‘சென்னை-2’ என்ற பழைய மண்டல எண் 1972க்குப் பிறகும் வழக்கில் இருந்தது. ஆனால் ‘600 002’ என்று ஆறு இலக்கம் இருந்தால், பின்கோடு வந்த 1972 ஆகஸ்ட் 15க்கு முன் அதை அடித்திருக்க முடியாது. ‘யு/ஏ’ சான்றிதழ் 1983இல் வந்தது, அதற்கும் இதே கணக்கு. பாட்டுப் புத்தகத்தில் விலையைப் பார். ‘ந.பை.’ (நயா பைசா) என்றால் 1957 ஏப்ரலுக்குப் பிறகு அடித்தது. 1964 ஜூனில் ‘நயா’ உதிர்ந்து வெறும் பைசா ஆயிற்று.

இந்தச் சான்றுகள் எல்லாமே ஒரு பக்கம்தான் கதவைச் சாத்தும், கவனித்தாயா? புதிய அடையாளம் ‘இதற்கு முன் இல்லை’ என்று உறுதியாகச் சொல்லும். பழைய அடையாளம் ‘இதற்குப் பின் இல்லை’ என்று சொல்லாது. அதனால் பட்டியலில் வருடத்துக்குப் பக்கத்தில் ‘1972க்கு முன் அல்ல’ என்றே எழுது. ஊகித்து ஒரு வருடத்தைப் போடுவதைவிட அது ஆயிரம் மடங்கு உபயோகம்.

நகலச்சைப் பிடிக்க நம் ஊரிலேயே கருவி இருக்கிறது. மில்லிலும் தறியிலும் நூல் எண்ண வைத்திருக்கும் பிக் கிளாஸ் என்ற உருப்பெருக்கி போதும். அதை முகத்தின் மேல் வைக்காமல் அச்சகத்தின் பெயர் மேல் வை. ஆப்செட் அச்சில் முகமும் புள்ளிகளாகத்தான் தெரியும், அதில் ஏமாறலாம். பொடி எழுத்து மட்டும் நல்ல அச்சில் மை முழுசாகப் பிடித்து ஒரே கறுப்பாக நிற்கும். ஸ்கேன் எடுத்த நகலில் எழுத்தும் புள்ளி புள்ளியாக உடைந்து, ஓரம் கலங்கியிருக்கும். கையால் வரைந்து அச்சடிக்கும் லித்தோ முறையானால் ஒழுங்கான புள்ளி வரிசையே இராது, சாக்பீஸ் தேய்த்தது போல சொரசொரப்பான படிவுதான். அப்புறம் மடிப்பு. பழைய போஸ்டரில் மடித்த இடத்தில் மை உரிந்து காகிதத்தின் நார் தெரியும், விரலை ஓட்டினால் தட்டும். நகலில் மடிப்புக் கோடு படத்தில் இருக்கும், விரலுக்குக் காகிதம் வழவழவென்று போகும்! அளவும் பார். நம் போஸ்டர்கள் டபுள் கிரவுன் என்ற தாள் அளவின் கணக்கில் 20×30 அங்குலம், அதன் இரட்டிப்பு 30×40. 12×18இல் ஒன்று வந்தால் அது டிஜிட்டல் மெஷினுக்கு வெட்டிய தாள்.

காங்கேயத்திலிருந்து:

அண்ணா, ‘முதலோட்டம்’ நல்லா இருக்குங்க. ரெண்டு கேள்வி மட்டும். எங்கள் பக்கம் மாடு முதல் கன்று போட்டால் தலையீத்து என்போம். அதுபோல ‘தலையோட்டம்’ என்றால் இன்னும் மண் வாசனையாக இருக்காதுங்களா? இரண்டாவது, சென்னையிலும் கோவையிலும் ஓடி முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் எங்கள் ஊர் டென்ட் கொட்டாய்க்குப் படம் வரும். அங்கே ஒட்டியது முதலோட்டமா, மறுவோட்டமா?

கோவையிலிருந்து:

தலையீத்து எனக்கும் பிடித்த சொல். ஆனால் ‘தலையோட்டம்’ காதில் விழும்போது தலையோடு, அதாவது மண்டையோடு, குறுக்கே வருகிறது. மதுரைக்காரரும் யாழ்ப்பாணத்துக்காரரும் பட்டியலைப் படிப்பார்கள். ‘முதல்’ எல்லோருக்கும் விளக்கம் இல்லாமல் புரியும். அதனால் முதலோட்டமே இருக்கட்டும்.

இரண்டாவது கேள்விதான் இந்தச் சொல்லுக்கு வந்த சரியான சோதனை. ஓட்டம் என்பது படத்தினுடையது, கொட்டாயினுடையது அல்ல. நகரத்தில் தொடங்கி, சின்ன ஊருக்கு இறங்கி, டூரிங் டாக்கீஸில் முடிகிற வரை ஒரே சுற்று. கோவை ஏரியாவுக்கு வாங்கியவர் அந்தச் சுற்றுக்கு அடித்த போஸ்டர் காங்கேயத்தில் ஒரு வருடம் கழித்துச் சுவரேறினாலும் முதலோட்டம்தான். உரிமை முடிந்து வேறொருவர் படத்தைத் திரும்ப வாங்கி, தன் பெயர் போட்டு அடித்தால் அது மறுவோட்டம். ஆகவே வரையறையை இப்படி எழுதலாம்: ‘ஒரு திரைப்படத்தின் முதல் விநியோகச் சுற்றுக்காக அச்சடித்த சுவரொட்டி.’ 1964இல் வந்த ‘கர்ணன்’ 2012இல் டிஜிட்டலாகத் திரும்ப வந்தபோது அடித்தவை மறுவோட்டம் என்பதில் இப்போது யாருக்கும் குழப்பம் வராது.

ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. மீந்துபோன முதலோட்டப் போஸ்டரையே மறுவோட்டத்தில் எடுத்து, கீழே புதுத் தியேட்டர் பெயர் ஸ்லிப் ஒட்டிப் பயன்படுத்துவது உண்டு. காகிதம் முதலோட்டம், ஸ்லிப் பின்னாளையது. இதை ‘முதலோட்டம், ஸ்லிப் பிந்தியது’ என்று பதிவு செய்யுங்கள். தயவுசெய்து ஸ்லிப்பை உரிக்காதீர்கள். அழகுக்காக நனைத்து உரித்துவிடுகிறார்கள், வயிறு எரிகிறது. எந்த ஊர், எந்தத் தியேட்டர், என்ன தேதி என்பது பல நேரம் அந்த ஒரு துண்டில் மட்டும்தான் இருக்கிறது.

ஈரோட்டிலிருந்து:

சரிங்கண்ணா, முதலோட்டம் என்றே போடுகிறேன். கட்டத்தில் முழுச் சொல்லுக்கு இடம் இல்லை. மு, ம, ந என்று சுருக்கிக்கொள்ளலாமா?

கோவையிலிருந்து:

தாராளமாக. அமெரிக்காவில் 1940 முதல் பல பத்தாண்டுகள் நேஷனல் ஸ்கிரீன் சர்வீஸ் என்ற நிறுவனம் போஸ்டர்களை விநியோகித்தது. வருடத்தின் கடைசி இரண்டு இலக்கம், ஒரு சாய்கோடு, பிறகு வரிசை எண் என்று அடியிலேயே அச்சாகியிருக்கும். மறுவெளியீடு என்றால் எண்ணுக்கு முன்னால் ‘ஆர்’ எழுத்து. அங்கே காகிதமே சொல்லிவிடுகிறது. நம் காகிதம் சொல்வதில்லை, அதனால் உன் பட்டியல் சொல்லட்டும். மு, ம, ந மூன்றோடு நான்காவதாக ஒரு கேள்விக்குறியும் வைத்துக்கொள். பட்டமும் இல்லாமல், முகவரியும் கிழிந்து, ஓரம் வெட்டிய போஸ்டர்கள் வரும். அவற்றை மு என்று போட ஆசை வரும், போடாதே.

‘ஸ்லிப்’புக்குத் தமிழ் தேட வேண்டாம், ஒட்டுகிறவர்கள் சொல்வது அதைத்தான். பின்பக்கம் துணி கொடுத்து ஒட்டிப் பாதுகாக்கும் வேலைக்கு ஒரு சொல் வேண்டியிருக்கிறது. ‘துணியொட்டு’ என்று வைத்துப் பார்க்கிறேன். மற்றவர்கள் சொல்லுங்கள்.