ரெபுஸ்வார்: ‘நிலைக்கால்’ எனலாமா?

வணக்கம்.

ஓவியத்தின் ஓரத்தில், நமக்குக் கிட்டத்தில், இருட்டாக ஒரு மரமோ தூணோ நின்று நம் பார்வையை உள்ளே தூரத்துக்கு அனுப்பி வைக்கும். அதற்குப் பிரெஞ்சில் ரெபுஸ்வார் என்று பெயர். ‘பின்னே தள்ளுவது’ என்பது நேர்ப்பொருள். இதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த உரையாடலில், அந்தப் பொருளை வைத்து ‘பின்தள்ளி’ என்று ஒருவர் முன்மொழிந்திருக்கிறார். எனக்கு அது பம்ப்செட் உதிரிபாகம் போலக் கேட்கிறது. ‘முன்னணிப் பொருள்’ என்றாலோ தேர்தல் வாடை அடிக்கிறது.

சரி, சொல்லை விட்டுவிட்டு ஒரு படத்தைப் பார்ப்போம். பிரெஞ்சு ஓவியர் க்ளோட் லொரேன் 1648இல் வரைந்த துறைமுகக் காட்சி, லண்டன் நேஷனல் கேலரியில் இருப்பது. சேபாவின் அரசி சாலமோனைப் பார்க்கக் கப்பலேறப் போகிறாள். (விவிலியத்தில் அவள் ஒட்டகங்களோடு எருசலேம் வந்து சேர்வதுதான் உண்டு. கப்பல், ஓவியர் கொடுத்தது.) அரசி வலப்பக்கப் படிக்கட்டில் சின்ன உருவமாக நிற்கிறாள். படத்தின் உண்மையான நாயகன் சூரியன். கடலுக்குச் சற்று மேலே, நம் முகத்துக்கு நேராக இருக்கிறது. அதன் வெளிச்சம் அலைகளின் மேல் ஏறி இறங்கி நம் பக்கமாக வருகிறது. அதற்குமுன் ஓவியர்கள் பெரும்பாலும் சூரியனைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்திவிட்டு ஒளியை மட்டும் உள்ளே விட்டார்கள். பின்னாளில் வந்த ஆங்கில ஓவியர் டர்னர் இந்தப் படத்தில் மயங்கி, தன் படம் இதன் பக்கத்தில் தொங்க வேண்டும் என்று உயிலே எழுதிவைத்தார்.

இப்போது இடது ஓரம். அங்கே நிழலடித்த தூண்கள். அவற்றின் பின்னே ஒரு கப்பல் பாதி மறைந்து நிற்கிறது. அந்தத் தூண்களைக் கையால் மறைத்துப் பாருங்கள். கடல் சட்டென்று கிட்டே வந்துவிடும், சூரியனின் கூச்சமும் குறைந்துவிடும். தூண் எதையும் தள்ளவில்லை. தான் இருட்டாக நின்று வெளியே வெளிச்சம் என்று காட்டுகிறது, அவ்வளவுதான்.

காலையில் வீட்டுக்குள் நின்று வாசலைப் பார்த்தால் இதேதான் நடக்கிறது. முற்றத்து வெயிலுக்கு எதிரே கதவு நிலையின் மரம் கறுத்துத் தெரியும், கண் தானாகத் தெருவுக்குப் போகும். அதனால்தான் ‘நிலைக்கால்’ என்கிறேன். தச்சர்கள் புழங்கும் சொல். பழைய தமிழ் விவிலியத்தின் யாத்திராகமத்திலும் ‘வாசல் நிலைக்கால்கள்’ என்றே வருகிறது. இன்னொரு வசதி, ‘நிலை’ என்றால் முழுச் சட்டம், ‘நிலைக்கால்’ ஒரு பக்கம் மட்டும். ரெபுஸ்வாரும் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் இருக்கும். ஏற்கெனவே வேறு பொருளில் இருக்கிற சொல்லாயிற்றே என்பவர்களுக்கு: கணினிச் ‘சாளரம்’ மட்டும் எங்கிருந்து வந்ததாம்?

ஒரு சிக்கல் இருக்கிறது. டச்சு ஓவியர் வெர்மீரின் ‘ஓவியக்கலை’ படத்தில் இடப்பக்கம் கனத்த திரைச்சீலை ஒதுக்கிவிடப்பட்டிருக்கும். அதுவும் ரெபுஸ்வார்தான். திரைச்சீலையை நிலைக்கால் என்று சொல்ல எனக்கே கொஞ்சம் இடிக்கிறது. யாராவது வழி சொல்லுங்கள்.